முதல் அலைக்கு எந்தக் கரை: கல்லடியா, பாசிக்குடாவா, உல்லையா?

ஓ.எல். பரீட்சை முடிந்த கையோடு தம்பியின் மகள் வந்து என் முன்னால் நின்றாள். "மாமி, எனக்கு சேர்ஃபிங் பழகணும். நீங்கதான் கூட்டிப் போகணும்." மச்சாள் உடனே என் முகத்தைப் பார்த்தாள். அம்மா ஒன்றும் பேசாமல் எழும்பிக் குசினிக்குள் போய்விட்டார். 2004 மார்கழி 26 சுனாமிக்குப் பிறகு அம்மா கடலில் கால் நனைத்ததில்லை. நாவலடியில் இருந்த எங்கள் சொந்தங்களில் சிலர் அன்றைக்குப் பிறகு இல்லை. மட்டக்களப்புக் கல்லடியில் எங்கள் வீட்டுப் படலையிலிருந்து கடற்கரைக்கு ஐந்து நிமிட நடை. இருந்தும் இந்த வீட்டுப் பிள்ளைகள் கடலைப் பார்த்து வளர்ந்தார்களே தவிர, கடலுக்குள் வளரவில்லை.

ஓம் என்றுதான் சொன்னேன். ஆனால் எங்கே, எப்போது, யாரிடம் என்பதை முடிவெடுக்க ஒரு கிழமை அவகாசம் கேட்டேன். நான் நாலு வருடமாக ஒவ்வொரு பருவத்திலும் உல்லைக்கு, அதாவது அறுகம்பேக்கு, போய் வருகிறவள். பயிற்சியாளர் இல்லை. பலகையில் எழும்பி நின்று, அலையின் ஓரமாகக் கொஞ்சத் தூரம் போகத் தெரியும், அவ்வளவுதான். அந்த ஒரு கிழமையில் யோசித்ததையும் அவளோடும் அவள் தாயோடும் பேசியதையும் இங்கே எழுதுகிறேன். மட்டக்களப்பிலிருந்து பொத்துவில் வரைக்கும் எத்தனையோ வீடுகளில் இதே கேள்வி வரும் காலம் இது.

அவளுடைய முதல் கேள்வியே நியாயமான கேள்வி. "இஞ்ச இருக்கிற கடல விட்டுப்போட்டு என்னத்துக்கு மாமி அவ்வளவு தூரம்?"

மறுநாள் காலை ஆறு மணிக்கு அவளைக் கல்லடிக் கரைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். தண்ணீருக்குள் இறங்க வேண்டாம், அரை மணித்தியாலம் அலையை மட்டும் பார் என்றேன். அலை ஒன்று வந்தது. கரைக்கு மிகக் கிட்டே வரும்வரை அது உடையவே இல்லை. முழங்கால் அளவு தண்ணீருக்கு வந்ததும் சட்டென்று சுவர் போல எழும்பி, அப்படியே 'தொம்' என்று மணலில் விழுந்தது. நுரை நாலைந்து மீற்றர் ஏறி, அதே வேகத்தில் திரும்பிப் போனது. போகும்போது அவளுடைய குதிக்காலுக்குக் கீழே இருந்த மணலையும் அள்ளிக்கொண்டு போனது. அவள் ஒரு அடி பின்னால் தடுமாறி என் கையைப் பிடித்தாள்.

இதற்குக் காரணம் கடலின் அடியில் இருக்கிறது. ஓர் அலை, தண்ணீரின் ஆழம் தன் உயரத்தைப்போல ஏறத்தாழ 1.3 மடங்காகக் குறையும்போது உடையத் தொடங்கும். ஒரு மீற்றர் அலை என்றால் 1.3 மீற்றர் ஆழத்தில். அடி மெல்ல மெல்லச் சரிந்து ஏறும் கரையில் அலை தூரத்திலேயே உடைந்து, நுரையாகி, அந்த நுரை முப்பது நாற்பது மீற்றர் உருண்டு வரும். பழகுகிறவருக்கு வேண்டியது அந்த உருண்டு வரும் நுரைதான். பலகையில் படுத்து, நுரை தள்ளுவதை உணர்ந்து, கை ஊன்றி எழும்பி நிற்க ஐந்தாறு வினாடியாவது வேண்டும். கல்லடியைப் போலச் செங்குத்தாக இறங்கும் கரையில் அலை தன் பலம் முழுவதையும் கடைசி அடியில் கொட்டித் தீர்க்கிறது. எழும்புவதற்குள் பலகையின் மூக்கு மணலில் குத்தும், பின்னாலிருந்து அலை உங்களைத் தூக்கித் தலைகீழாகப் போடும். கழுத்துக்கும் தோளுக்கும் வரும் காயங்களில் மோசமானவை இப்படி ஆழமில்லாத தண்ணீரில் தலைகுப்புற விழுவதால் வருபவை. வாடைக்காலம் வந்துவிட்டால், கார்த்திகை தொடங்கி மாசி வரை, கடல் பெருத்து, கரையோரமாக ஓடும் நீரோட்டமும் சேர்ந்துவிடும். கரைவலை இழுக்கிறவர்களே அப்போது கடலைப் பார்த்துத்தான் இறங்குவார்கள்.

கல்லடியைக் கடலைப் படிக்கும் இடமாக மட்டும் வைத்துக்கொண்டோம். ஒவ்வொரு காலையும் கால் மணி நேரம். அலைகள் கூட்டம் கூட்டமாக வருவதையும், ஒரு கூட்டம் முடிந்து கொஞ்ச நேரம் கடல் அடங்குவதையும் மூன்றாம் நாளே அவள் கண்டுபிடித்துவிட்டாள். இரண்டு பக்கமும் அலை உடையும்போது நடுவில் ஓர் இடத்தில் மட்டும் உடையாமல், நிறம் கலங்கி, நுரை கடலைப் பார்த்து ஓடுவதையும் காட்டினேன். அதுதான் இழுவை. பார்க்க அமைதியான இடம் போலத் தெரியும். கடற்கரைக்கு வரும் ஆட்கள் குளிக்க இறங்குவதும் பெரும்பாலும் அந்த இடத்தில்தான்.

பாசிக்குடா கல்லடிக்கு நேர்மாறு. நகரத்திலிருந்து வடக்கே ஏறத்தாழ 35 கிலோமீற்றர். முருகைக்கற்பார் வெளியே அலையைத் தடுப்பதால் குடாவுக்குள் தண்ணீர் தட்டில் ஊற்றியதுபோலக் கிடக்கும். நெடுந்தூரம் நடந்தாலும் இடுப்புக்கு மேலே வராது. அலையே இல்லாத இடத்தில் சேர்ஃபிங் எப்படி என்று கேட்பீர்கள். அலை பிடிக்க அங்கே ஏலாதுதான். ஆனாலும் என் கணக்கில் முதல் மூன்று சனிக்கிழமைகளும் பாசிக்குடாவுக்கே என்று எழுதினேன்.

ஏனென்றால் அவளுக்கு நீந்தத் தெரியாது. தெரியும் என்றுதான் சொன்னாள். ஒரு தடாகத்தில் பத்துப் பன்னிரண்டு மீற்றர் கையடித்ததை வைத்துச் சொன்னாள். நுரைத் தண்ணீரில் பழகும்போது இடுப்பளவு ஆழத்தில்தானே நிற்கப்போகிறோம், நீச்சல் எதற்கு என்று பல பேர் சொல்வார்கள். பயிற்சி கொடுக்கிற சிலரும் அப்படிச் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். இதில் நான் அவர்களோடு ஒத்துப்போகமாட்டேன். காலில் கட்டிய கயிறு அறுந்தால், அல்லது இழுவையில் இருபது மீற்றர் வெளியே போனால், அந்த நேரம் தேவைப்படுவது வேகமான நீச்சல் அல்ல, பதறாமல் மிதக்கத் தெரிந்த உடம்பு. ஆகவே அவளுக்கு மூன்று காரியம் வைத்தேன். மல்லாந்து ஐந்து நிமிடம் மிதக்க வேண்டும். தரையில் கால் வைக்காமல் ஐம்பது மீற்றர் நீந்த வேண்டும். கண்ணை மூடித் தண்ணீருக்குள் பத்து வரை எண்ணி, நிதானமாக மேலே வர வேண்டும். மூன்றாவதுதான் கடினம். அலை புரட்டும்போது எது மேல், எது கீழ் என்றே தெரியாது. அந்த நேரத்தில் கையால் தலையைப் பொத்திக்கொண்டு, எண்ணிக்கொண்டு, தானாக அடங்கும்வரை காத்திருக்க வேண்டும். அந்தப் பொறுமையை அலை இல்லாத தண்ணீரில்தான் பழக்கலாம்.

இனி உல்லை. வெளிநாட்டுக்காரருக்கு அது அறுகம்பே, வரைபடத்தில் அறுகம் குடா. பொத்துவில் ஆட்களுக்கு இன்றைக்கும் உல்லைதான். மட்டக்களப்பிலிருந்து நூறு கிலோமீற்றருக்குச் சற்று மேலே. கொழும்பிலிருந்து இரத்தினபுரி, மொனராகலை வழியாகப் பொத்துவிலுக்கு வந்து, அங்கிருந்து கரையோரமாக மட்டக்களப்புக்கு ஏறுகிற ஏ4 வீதிதான் நமக்கும் வழி. கல்முனை, அக்கரைப்பற்று, திருக்கோவில், கோமாரி என்று இறங்கிப் போகலாம். உகந்தை முருகனுக்குப் பாதயாத்திரை போன வீடுகளுக்கு இந்த வழி பாடம். அந்த உகந்தைக் கரையையும் அலை தேடுகிறவர்கள் 'ஒக்கந்த' என்று அறிந்து வைத்திருக்கிறார்கள். ஒரே கல்லுக்கு இரண்டு விதமான யாத்திரை.

உல்லையில் அலை ஏன் பழக ஏற்றது? வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரை நமக்குக் கோடை. அதே நேரம் பூமியின் தென்பாதியில் மாரி. இந்து சமுத்திரத்தின் தென் கோடியில் எழும்பும் புயல்கள் உண்டாக்கும் அலைகள் ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் ஓடி, நம் தீவின் தென்கிழக்கு மூலைக்கு வந்து சேருகின்றன. அங்கே கரை நேராக இல்லை. பாறையும் மணலுமாக முனைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. அலையின் உட்பக்கம் முனையின் ஆழமில்லாத தண்ணீரில் பட்டு வேகம் குறைய, வெளிப்பக்கம் அதே வேகத்தில் ஓட, அலை முனையைச் சுற்றி வளைகிறது. அதனால் மொத்தமாக ஒரே நேரத்தில் விழாமல், முனையில் உடையத் தொடங்கி, குடாவுக்குள் வடக்கு நோக்கிச் சுருள் பிரிந்துகொண்டே போகிறது. கரையைப் பார்த்துப் படுத்திருப்பவருக்கு அது எப்போதும் வலப்பக்கமாக ஓடும் அலை. கல்லடியின் நேர்க்கரையை அதே தெற்கு அலை உரசிக்கொண்டு தாண்டிப் போய்விடும். வாடையில் வருவதோ பக்கத்துக் காற்று கிளப்பிய குட்டை அலை. அது அடுக்கடுக்காக நெருங்கி வரும், ஒழுங்கு இருக்காது.

உல்லை என்று முடிவானாலும் வேலை முடியவில்லை. அங்கே போய் எந்த முனை என்பதில்தான் பலரும் பிழை விடுகிறார்கள்.

மெயின் பொயின்ட் என்ற பேரைக் கேட்டுத்தான் எல்லோரும் போவது. 2019 செப்டெம்பரில் உலக சேர்ஃப் லீக்கின் தகுதிச் சுற்றுப் போட்டி ஒன்று அங்கேதான் நடந்தது. போட்டிக்காரரைக் கூட்டிவரும் அலை, பழகுகிறவரைக் கூட்டிப் போகிற இடமல்ல. அடியில் பாறையும் முருகைக்கல்லும், அவற்றின் இடுக்குகளில் கறுப்பு முள் நீட்டிய கடல் முள்ளெலியும். என்னுடைய முதல் நாள் அந்த முனையின் உள்பக்க ஓரத்தில்தான் போனது. சிநேகிதியின் உறவுக்காரர் ஒருவர், ஒரே நாளில் நிற்க வைக்கிறேன் என்று நீளம் குறைந்த ஒரு கட்டைப் பலகையைத் தந்து கூட்டிப் போனார். மூன்றாவது அலையில் விழுந்து, காலை ஊன்றினேன். வலது உள்ளங்காலில் பதினொரு முள். ஒவ்வொன்றும் தோலுக்குள் ஒடிந்து, நீலப் பேனையால் புள்ளி குத்தியதுபோலத் தெரிந்தது. பொறுக்கக்கூடிய சுடுதண்ணீரில் காலை வைத்து, எடுக்க முடிந்ததை எடுத்து, மிச்சத்துக்கு மருந்தகம் போய், இரண்டு கிழமை நொண்டினேன். காயம் ஆறிய பிறகும் ஒரு முழு வருடம் நான் கடலுக்குத் திரும்பவில்லை. முதல் நாளின் பிழையான இடம் ஒருவரிடமிருந்து எடுத்துக்கொள்வது அதைத்தான். அந்த ஒரு வருடம் இந்தப் பிள்ளைக்குப் போகக்கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவு கவனம்.

பேபி பொயின்ட், அதே குடாவுக்குள் இன்னும் உள்ளே. மெயின் பொயின்டைத் தாண்டி வரும் அலையின் மிச்சம் அங்கே சின்னதாக உடைகிறது. தங்குமிடத்திலிருந்து பலகையைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தே போகலாம். செலவும் அலைச்சலும் குறைவு. ஆனால் ஆனி, ஆடி, ஆவணியில் அங்கே போனால் ஒரே அலைக்கு எட்டுப் பத்துப் பேர், அத்தனை பேரும் பழகுகிறவர்கள். திருப்பத் தெரியாத பலகைகள் நாலா பக்கமும் பாயும். என் முதுகில் விழுந்த பலமான அடி என்னுடைய பலகையால் வந்ததல்ல, அங்கே இன்னொருவருடைய பலகையால் வந்தது. சில இடங்களில் பாறையும் உண்டு, எங்கே என்று தெரிந்தவர் கூட இருக்க வேண்டும். சித்திரைக் கடைசியில், ஆட்கள் வரமுன், பேபி பொயின்ட் நல்ல இடம். ஆடியில் நான் பிள்ளையை அங்கே இறக்கமாட்டேன்.

விஸ்கி பொயின்ட் பொத்துவிலுக்கு வடக்கே. உல்லையிலிருந்து ஓட்டோவில் போக வேண்டும், கடைசித் துண்டு மணல் பாதை. அலை பிடிக்கத் தொடங்கும் இடத்தில் கொஞ்சம் பாறை இருந்தாலும், உள்ளே நுரை உருளும் பகுதி மணல். அலைக்கு அவசரமில்லை. நீளமாக, சோம்பலாக உருண்டு வரும். தண்ணீருக்குள் நடந்து போய், திரும்பி, பலகையில் ஏறிப் படுத்து, அடுத்த நுரைக்குக் காத்திருக்க இடம் தாராளம். இங்கேயும் பருவத்தில் ஆட்கள் நிறைவார்கள். ஆனால் கரை நீளம் என்பதால் பரந்து நிற்கிறார்கள். என் மனம் இங்கேதான் நிற்கிறது.

தெற்கே பாணமை வீதியில் போனால் பீநட் ஃபாம், அதாவது கச்சான் தோட்டம். வெளியே நன்றாகத் தெரிந்தவர்களுக்கான அலை ஒன்று, உள்ளே பழகுகிறவருக்கான சின்ன அலை ஒன்று. அழகில் மற்ற எல்லாவற்றையும் விட மேல். ஆனால் அந்தப் பக்கம் விடியலிலும் பொழுதுபடும் நேரத்திலும் யானை நடமாட்டம் உள்ள பக்கம். பழகுவதற்கு நல்ல நேரமோ விடியல். இரண்டும் ஒத்துவராது. எலிபன்ட் ரொக்கும் அதே திசை. பக்கத்துக் களப்பில் முதலை இருக்கிறது என்று எச்சரிக்கைப் பலகையே உண்டு. இரண்டையும் இரண்டாம் வருடத்துக்கு ஒதுக்கினேன்.

ஒரு தெரிவை நேர்மையாகச் சொல்லியாக வேண்டும். தெற்கே வெலிகம. விரிந்த மணல் குடா, எங்கே விழுந்தாலும் மணல். அலையை மட்டும் பார்த்தால் முதல் நாளுக்கு உல்லையை விட வெலிகம சுலபம். அதன் பருவமும் கார்த்திகையிலிருந்து சித்திரை வரை, நம் பக்கம் கடல் கெட்டிருக்கும் காலத்தில். மார்கழி விடுமுறையில் மட்டும்தான் நேரம் கிடைக்கும் என்பவர் யோசிக்காமல் அங்கே போகலாம். எங்களுக்கு அது ஒரு முழு நாள் பயணம், தங்குமிடச் செலவு. எல்லாவற்றுக்கும் மேலே மொழி. உல்லையில், பொத்துவிலில் பயிற்சி கொடுக்கும் பையன்களில் நிறையப் பேர் தமிழ் பேசுகிறவர்கள். அலை வந்து பலகையைத் தூக்கும் அந்த ஒரு வினாடியில் "இப்ப எழும்பு தங்கச்சி, குனியாத, கரையப் பார்!" என்று காதில் விழ வேண்டும். அந்த நேரம் ஒரு மொழியை மனசுக்குள் மாற்றிப் புரிந்துகொள்ள அவகாசம் கிடையாது. இது சின்னக் காரியமாகத் தெரியலாம். நான் நேரில் கண்டது. எனக்குப் பழக்கியவர் 'கீழே பார்க்காதே' என்பதை "கால்ல என்ன மயில் இறகா இருக்கு, கரைய பாருங்கக்கா" என்று சொன்ன பிறகுதான் என் தலை நிமிர்ந்தது. கண் எங்கே போகிறதோ உடம்பு அங்கே போகும். கீழே பார்த்தால் கீழேதான்.

தனியாகப் பழகுவதா, தெரிந்தவரோடு போவதா, காசு கொடுத்துப் பழகுவதா என்ற கேள்விக்கு என் உள்ளங்கால் ஏற்கெனவே பதில் சொல்லிவிட்டது. இருந்தாலும் மச்சாள் கேட்டதற்காக ஒப்பிட்டேன். பலகையை மட்டும் மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்தால் செலவு நன்றாகக் குறையும். யூடியூப் பார்த்து, மணலில் படுத்து எழும்பிப் பழகிக்கொண்டும் போகலாம். ஆனால் முதல் நாளில் பயிற்சியாளர் செய்யும் வேலை பாதிக்கு மேல் எழும்பக் கற்பிப்பதல்ல. எந்த நுரை உங்களுக்கு, எது வேண்டாம் என்று பார்த்து, பலகையின் வாலைப் பிடித்துச் சரியான கணத்தில் தள்ளிவிடுவது. அந்தத் தள்ளலில்தான் ஒரு மணித்தியாலத்தில் பதினைந்து இருபது தடவை எழும்ப முயற்சி செய்யலாம். தனியாகப் போனால் அதே நேரத்தில் நாலு தடவைகூடக் கிடைக்காது, மிச்ச நேரமெல்லாம் பலகையோடு மல்லுக்கட்டுவதில் போய்விடும். கூட்டுப் பயிற்சியில் ஒருவருக்கு நாலைந்து பேர் என்றால் காசு குறையும், ஆனால் உங்கள் முறை வரும்வரை குளிரில் நிற்க வேண்டும். நான் எழுதியது இப்படி: முதல் இரண்டு நாளும் அவளுக்குத் தனியாக ஒரு பயிற்சியாளர், ஒவ்வொரு நாளும் ஒன்றரை மணித்தியாலம். மூன்றாம் நாள் வாடகைப் பலகையோடு அவளும் நானும். ஐந்து நாள், ஏழு நாள் தங்கிப் பழகும் முகாம்களுக்கு இப்போதைக்கு அவசியமில்லை. அவளுக்குப் பிடிக்கிறதா என்றே இன்னும் தெரியாது.

பயிற்சியாளரைத் தெரிவு செய்யும்போது விலை கேட்கமுன் மூன்று கேள்வி கேளுங்கள். நாளைக்கு எந்த முனைக்குக் கூட்டிப் போவீர்கள், ஏன்? தண்ணீருக்குள் என்னோடு நிற்பீர்களா, கரையில் நின்று சொல்வீர்களா? எத்தனை பேர்? "அது காலையில கடலப் பார்த்துத்தான் சொல்லலாம்" என்று முதல் கேள்விக்குப் பதில் வந்தால் அவர் வேலை தெரிந்தவர். எல்லா நாளும் ஒரே இடத்துக்குத்தான் என்பவரை விட்டுவிடலாம்.

பெண்பிள்ளை என்பதால் மச்சாளுக்கு வேறு யோசனையும் இருந்தது. தண்ணீருக்குள் ஆண் ஒருவர் பழக்குவது, ஊர்ப் பேச்சு, உடுப்பு. 2018 இல் உல்லைப் பெண்களே சேர்ந்து தங்களுக்கென்று ஒரு சேர்ஃப் கழகம் தொடங்கினார்கள், இலங்கையில் பெண்களுக்கென்று அமைந்த முதல் கழகம் அது. தங்கள் சொந்தக் கடலில் இறங்குவதற்கே அவர்கள் வீட்டோடும் ஊரோடும் பேசிப் பேசி வழி எடுக்க வேண்டியிருந்தது. அவர்கள் தண்ணீரில் இருப்பதைக் கண்ட பிறகுதான் எனக்கே தைரியம் வந்தது. பெண் பயிற்சியாளர் வேண்டும் என்று முன்கூட்டியே கேட்கலாம், கிடைத்தால் நல்லது. உடுப்பைப் பொறுத்தவரை ஒரே ஒரு விதி: தண்ணீர் குடித்துப் பாரமாகும் துணி வேண்டாம். சுடிதாரும் ரீசேட்டும் நனைந்தால் காலைச் சுற்றும், பலகையில் படுக்கும்போது சுருண்டு வயிற்றையும் நெஞ்சையும் உரசிப் புண்ணாக்கும். கழுத்து வரை மூடிய முழுக்கை நீச்சல் சட்டை, கணுக்கால் வரை இறுக்கமான லெகின்ஸ். இது அடக்கத்துக்கும் சரி, வெயிலுக்கும் சரி, உரசலுக்கும் சரி.

பலகையில் யோசிக்க அதிகம் இல்லை. மேலே மெத்தென்று ஸ்பொஞ் உள்ள பெரிய பலகை. அவளுக்கு எட்டடி, என் எடைக்கு ஒன்பதடி. பார்க்கப் படகு போல இருக்கும், அதனால்தான் அது கவிழாது. கட்டைப் பலகை அழகு, ஆனால் பழகுகிறவரை அது மிதக்கவே விடாது. காலில் கட்டும் கயிற்றின் ஒட்டியும் கயிறு பலகையில் சேரும் முடிச்சும் தேய்ந்திருக்கிறதா என்று எடுக்கும்போதே இழுத்துப் பாருங்கள். அலை வரும்போது பலகையை உங்களுக்கும் அலைக்கும் நடுவில் பிடிக்கக்கூடாது, பக்கத்தில் பிடிக்க வேண்டும். நடுவில் பிடித்தால் அலை அதைத் தூக்கி உங்கள் முகத்தில் அடிக்கும். விழும்போது காலால் விழாமல், தலையாலும் விழாமல், முதுகைப் பரப்பி விழ வேண்டும். இந்த இரண்டையும் வீட்டு முற்றத்திலேயே சொல்லிக்கொடுத்துவிட்டேன்.

எந்த மாதம் போவது என்பதில் எங்களுக்குள் இழுபறி. அவளுக்கு ஆடியில் போக ஆசை. அப்போதுதான் உல்லை களைகட்டும், சிநேகிதிகளும் வருவார்கள். ஆனால் அலையும் அப்போதுதான் பெரிது, ஆட்களும் அதிகம், அறை வாடகையும் ஏறும். சித்திரைப் பின்கூறும் வைகாசி முற்கூறும் பழகுகிறவருடைய மாதம். அலை முழங்காலிலிருந்து இடுப்பளவு, இரண்டு அலைக்கு நடுவில் மூச்செடுக்க நேரம். பிந்திப்போனால் புரட்டாதியும் பரவாயில்லை. ஒரு நாளுக்குள் பார்த்தால் விடியற்காலை ஆறிலிருந்து ஒன்பது வரை. அந்த நேரம் தரையிலிருந்து கடலுக்கு மெல்லிய காற்று, அலையின் முகம் கண்ணாடி போல இருக்கும். நேரம் ஏற ஏறக் கடற்காற்று எழும்பித் தண்ணீரைக் குழப்பிவிடும், வெயிலும் முதுகை வறுக்கும். கச்சான் காற்று பலமாக அடிக்கும் நாட்களில் மட்டும் கவனம். கச்சான் தரையிலிருந்து கடலுக்கு அடிக்கும் காற்று. கையை விட்ட பலகை கடலைப் பார்த்தே போகும், பின்னாலே ஆளும் போகக்கூடாது.

மச்சாள் கடைசியாகக் கேட்டது இழுவையைப் பற்றி. அகப்பட்டால் என்ன செய்வது? பலகையை விடாதே, அதுதான் உன் தோணி. கரைக்கு நேராக எதிர்த்துக் கையடிக்காதே, களைத்துப்போவாய். கரைக்குச் சமாந்தரமாகப் பக்கவாட்டில் போ, அலை உடையும் இடம் வந்ததும் அந்த நுரையே உன்னைக் கொண்டுவந்து போடும். ஏலாவிட்டால் பலகையில் படுத்தபடியே ஒரு கையைத் தூக்கி ஆட்டு. இதை அவள் என்னிடம் மூன்று தரம் ஒப்புவித்தாள். பிறகு தாயிடம் ஒரு தரம், பிறகு குசினி வாசலில் நின்று அம்மாவிடமும்.

முதல் சனிக்கிழமை பாசிக்குடாவில் ஒரு நிமிடம்கூட மிதக்கவில்லை. தலையைத் தூக்கத் தூக்க இடுப்பு இறங்கியது. இரண்டாம் சனிக்கிழமை இரண்டரை நிமிடம். மூன்றாவது சனிக்கிழமை, யாரும் கூப்பிடாமலே அம்மாவும் வாகனத்தில் ஏறினார். கரையில் செருப்பைக் கழற்றாமல், தண்ணீர் தொடாத கோட்டில் நின்றார். பிள்ளை மல்லாந்து, காது தண்ணீருக்குள் இருக்க, வானத்தைப் பார்த்துக் கிடந்தாள். அம்மா என் கையிலிருந்த ஃபோனை வாங்கி நேரத்தைப் பார்த்தபடியே நின்றார். ஐந்து நிமிடம் ஆனதும் நான் கூப்பிடப் போக, "பொறு, இன்னும் கொஞ்சம் கிடக்கட்டும்" என்றார்.

வைகாசி இரண்டாம் கிழமைக்கு உல்லையில் இரண்டு அறை சொல்லியிருக்கிறேன். ஒன்றுதான் சொன்னேன், திரும்பி வரும் வழியில் வாழைச்சேனையில் அம்மா கேட்ட பிறகு மற்றதையும் சொன்னேன். "அந்த விஸ்கி எண்டுற இடத்தில, கரையில இருக்க நிழல் கிடக்கா?"